திறந்தே இருந்த கதவு

போன் அலறியது!

விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ரஸ்ஸல் ப்ரூயிட் எடுத்தான்.

"ரஸ்ஸல் ப்ரூயிட்டா? நேர்மை மன்றத்துலேருந்து பேசறேன். வேதியியல் பரீட்சையில நீங்க காப்பி அடிச்சதா புகார். வியாழக்கிழமை விசாரணை."

"என்னது...? நானா...?"

"இப்ப எதுவும் சொல்லாதீங்க. வெளியில யார்கிட்டயும் பேசவும் கூடாது. பேசினா அதுவும் குற்றம்."

டொக்!

வர்ஜீனியா மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் பரீட்சைக்குக் கண்காணிப்பாளர் கிடையாது. வினாத்தாளை அறைக்கே எடுத்துப்போய், புத்தகத்தை மூடிவைத்து எழுதலாம். எந்த அறையையும் யாரும் பூட்டுவதில்லை. பொய், திருட்டு, காப்பி... எதுவானாலும் மாணவர்களே நீதிபதிகள். எதுவானாலும் ஒரே தண்டனை.

வெளியேற்றம்!

மறுபடி போன். இந்த முறை, லாரி ஓட்டும் அம்மா. ஒஹையோ பக்கம் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினாள்.

"குரல் ஏன்டா ஒரு மாதிரி இருக்கு? ஏதாவது பிரச்சினையா?"

ஆமாம் என்றால் ரகசியம் உடையும். இல்லை என்றால் பொய்.

ரஸ்ஸல் பேசவில்லை. சுவரைப் பார்த்தான். சுவரும் பேசவில்லை.

"டேய்... லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா."

அவனால் சொல்ல முடிந்த ஒரே உண்மை!

* * *

வியாழக்கிழமை.

நீள மேஜை. அதன் பின்னால் ஏழு மாணவர்கள். நடுவில் தலைவி மார்லீனா டட்டில். கேண்டீனில் அவனோடு சிரித்துப் பேசுகிறவள், இன்று அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பே இல்லை.

ரஸ்ஸல் பக்கத்தில், அவனுக்காக வாதாட வந்த இனெஸ் பட்டிஸ்ட்டா. மார்லீனாவைப் போல அவளும் இறுதியாண்டு.

"பயந்துட்டியா?" கிசுகிசுத்தாள்.

"இல்லன்னா பொய்யாயிடும்."

"பரவால்ல. இன்னும் ஜோக்கடிக்கிற."

"ஜோக் இல்ல!"

எதிரே புகார் கொடுத்த கேவின் ஹோல்ப்ரூக். இஸ்திரி கலையாத சட்டை. கண்ணில் சோகம்.

மார்லீனா இரண்டு விடைத்தாள்களைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே தப்பு. கேவின் அன்னைக்கு ராத்திரியே குடுத்துட்டார். ரஸ்ஸல், நீங்க மறுநாள் காலையில குடுத்தீங்க. ஏன்?"

"எழுதி முடிச்சு மேஜைமேல வச்சுட்டு சாப்பிடப் போனேன். வந்ததும் தூங்கிட்டேன்."

"வசதியான தூக்கம்!" என்றான் கேவின்.

"கேவின், கேட்டா மட்டும் பேசுங்க. என்ன நடந்தது?"

"நானும் விடைத்தாளை மேஜைமேல வச்சுட்டு சாப்பிடப் போனேன். கதவு திறந்தேதான் இருந்தது. அந்த நேரத்துல இவன் உள்ள புகுந்து பார்த்து எழுதியிருக்கான். நம்பி இருந்தேன்... மோசம் பண்ணிட்டான்!"

ஏழு தலைகள் மெல்ல ஆடின.

ரஸ்ஸல் சுற்றிப் பார்த்தான். இந்தப் பக்கம் ஏழு பேர். அந்தப் பக்கம் மூடிய கதவு. வெளியே போனால் பெட்டியோடுதான். தன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். லாரி நிற்கும் ஊரிலெல்லாம் அம்மா சொல்லிவைத்திருக்கிறாள்.

"மறுக்கிறீங்களா?" மார்லீனா கேட்டாள்.

"மறுக்கிறேன்... ஆனா எப்படி நிரூபிக்கறதுன்னு தெரியல."

இனெஸின் நாற்காலி கிறீச்சிட்டது!

"கேவின், சின்னக் கேள்வி. பரீட்சை வாரத்துல சீனியர்ஸ் எல்லா ரூமுக்கும் டோனட் குடுப்போம். நீங்க சாப்பிடப் போன அதே நேரத்துலதான் உங்க மாடிக்கும் வந்தோம். உங்களுக்குக் கிடைச்சுதா?"

கேவின் சிரித்தான்.

"விசாரணையா, விருந்தா? கிடைச்சுது."

"எங்க இருந்துச்சு?"

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி தயங்கினான்.

"மேஜைமேல. எல்லாருக்கும் வைக்கிற மாதிரி."

மார்லீனாவின் பேனா நின்றது.

"மேஜைமேலயா?" அவள் குரல் இறங்கியது.

"ஆமா."

"இனெஸ்கூட அன்னைக்கு டோனட் பெட்டியைத் தூக்கிட்டு வந்தது நான்தான், கேவின். மாடி முழுக்க ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் போய் வச்சோம். ஒரே ஒரு கதவைத் தவிர. உங்க கதவு... இப்பத்தான் ஞாபகம் வருது. அதுல கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு பூட்டு தொங்குச்சு. டோனட்டை வாசல் தரையில வச்சேன்."

கேவினின் முகம் வெளுத்தது.

"அது... அன்னைக்கு மட்டும்..."

"பூட்டின ரூமுக்குள்ள ரஸ்ஸல் எப்படிப் புகுந்தான்?" இனெஸ் விடவில்லை. "இந்தக் காலேஜ்ல யாரும் பூட்டறதில்ல. ஏன்னா இங்க திருடன் இருக்கான்னு யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நீ பூட்டிட்டுப் போனது சாப்பிடறதுக்கா... ரஸ்ஸல் ரூமுக்கா?"

கேவினின் கை தானாகவே பேண்ட் பாக்கெட்டைப் பொத்தியது.

உள்ளே சாவி கிணுகிணுத்தது!

* * *

வெளியே வந்ததும் ரஸ்ஸல் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இனெஸும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது.

"டேய், இப்பவாவது சொல்லு. என்னதான் ஆச்சு?"

விசாரணை முடிந்தாலும் ரகசியம் ரகசியம்தான். பொய்யும் கூடாது. ரஸ்ஸல் யோசித்து, யோசித்து, கடைசியில் சொன்னான்.

"ஒரு டோனட் என்னைக் காப்பாத்திடுச்சும்மா."

லாரிக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது.

"வேளாவேளைக்கு சாப்பிடுன்னா கேக்கறியாடா நீ!"