ஏழரை அங்குலம்

மகள் வருவதற்குள் வாங்க வேண்டியவை என்று போட்ட பட்டியலில் 'கடிகாரம்' என்று எழுதும்போது கருப்பசாமியின் பேனா நின்றது.

வீட்டில் கடிகாரமே இல்லை. சரஸ்வதி இறந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் முதல் ஷிப்டுக்கு அவன் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஐந்தேகாலுக்குப் பாகலூர் ரோட்டு முனையில் கம்பெனி பஸ் வரும்போது குளித்து, தலை சீவி, பனியில் நின்றுகொண்டிருப்பான். எப்படி எழுந்தோம் என்று இப்போதுதான் யோசித்தான். சுவரில் மூன்று தட்டு கேட்கும். "எந்திரிச்சிட்டேன்" என்பான். எழுந்துவிடுவான்.

அவள் இருந்தபோதும் அப்படித்தான். அடுப்படியிலிருந்தபடியே கரண்டிக் காம்பால் சுவரில் மூன்று தட்டுவாள். அவன் பதில் சொன்னால்தான் நிறுத்துவாள். பத்து வருஷப் பழக்கம், ஆள் போனபிறகும் நின்றுபோகாமல் ஓடியிருக்கிறது. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. அவனுக்குப் பயமோ அழுகையோ எதுவும் வந்து எட்டு மாதமாகிறது.

"என்ன மச்சான், எழுதாம உக்காந்துட்டீங்க?" என்றான் எதிரே இருந்த செல்வம். சரஸ்வதியின் தம்பி. கருப்பசாமியின் மகள் பவளத்தைச் சிவகாசியில் தன் வீட்டில் வைத்திருப்பவன்.

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"ஒரே அறை. அதுலதான் அக்கா செத்துக் கெடந்தது. அங்க புள்ளையப் படுக்கப் போட எனக்கு மனசு வரல. மேல பரணை ரூம்பா எடுங்க, முடிஞ்ச மறுநாளே கூட்டியாந்து விடுறேன். முடியாதுன்னா சொல்லிருங்க, அவ எங்ககூடவே வளரட்டும்."

ஏழு வயது. போன தடவை பார்த்தபோது மகள் அவனை விருந்தாளியைப்போல 'வாங்க' என்று கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் அது ஒன்றுதான் அவனுக்கு வலித்தது.

மறுநாள் ஆஞ்சப்பன் மேஸ்திரி டேப்போடு வந்தார். ஓட்டுக்குக் கீழே கற்பலகை பாவிய பரண், நடுவில் ஆள் நிமிரும் உயரம். எலிப்புழுக்கையும் பழைய மழைத்தண்ணீரும் கலந்த வாடை. மேஸ்திரி நீளத்தை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி அளந்தார்.

"பன்னெண்டு அடி வருது சார். மனையடியில பன்னெண்டு ஆகாது. கொழந்தை தங்காதும்பாங்க. பதினொண்ணு நல்லது. மேக்காலச் சுவத்துக்கு முன்னால ஒரு ஒத்தைச் செங்கல் சுவரு எழுப்பிட்டா பதினொண்ணா ஆயிடும்."

"பின்னால?"

"நாலரை அங்குலம் சுவரு போக ஏழரை அங்குலம் மிச்சம். அதை இடிசலும் மண்ணும் போட்டு நெறச்சுடணும். வெத்தா வுடக் கூடாது. ஏதாச்சும் வந்து குடியேறிக்கும்."

கருப்பசாமி லேத் ஓட்டுகிறவன். ஏழரை அங்குலம் என்றால் எவ்வளவு என்று அவன் விரலுக்குத் தெரியும்.

வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? கம்பெனி சொசைட்டியில் நாலாயிரம்தான் கடன் கிடைத்தது. செங்கல், சிமெண்ட், ஜன்னல், இரும்பு ஏணி, மேலே மூடுவதற்குக் கதவு, கூலி என்று எல்லாம் போட்டதில் நூற்று அறுபது ரூபாய் துண்டு விழுந்தது. வண்டி மண்ணுக்கும் அதேதான் விலை. கடிகாரத்துக்கும் கிட்டத்தட்ட அதேதான். நோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு மண் என்ற வரியை அடித்தான். மகளைப் பள்ளிக்கு எழுப்ப ஒரு கடிகாரமாவது வேண்டும், சுவருக்குள் மண் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

"வேணாம் சார்" என்றார் ஆஞ்சப்பன்.

"நான் பாத்துக்கறேன்."

மறுநாள் விடிகாலையில் விழித்தபடி படுத்திருந்தான். மூன்று தட்டு. அடுப்படியிலிருந்து இல்லை. உயரத்திலிருந்து, பரணின் மேற்குச் சுவரிலிருந்து வந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோஷன் பீயின் வீடு. அவர்கள் தட்டியிருக்கலாம். அப்படி நினைத்ததும் சாவு வீட்டில் ரோஷன் பீ அழுதுகொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு ராத்திரி தட்டிக்கிட்டே இருந்துச்சுண்ணா. வழக்கம்போல உங்கள எழுப்புதுன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன்."

அந்த வாரம் அவனுக்கு இரவு ஷிப்ட், பவளம் லீவுக்கு மாமன் வீட்டில். தட்டிக்கொண்டே இருந்தவளுக்கு நெஞ்சுவலி. எந்திரிச்சிட்டேன் என்று சொல்ல ஆளில்லை.

மேலே மறுபடி மூன்று தட்டு. சொன்னான். நின்றது.

சுவர் நாலு நாளில் எழும்பியது. கடைசிச் செங்கல் வைத்த மறுநாளிலிருந்து தட்டும் சத்தம் இல்லை. கடிகாரம் கணகணவென்று அடித்தது, எழுந்தான். சுண்ணாம்பு காய்கிற ஒன்பது நாளும் அமைதியாகவே போயின. அவளை அடைத்துவிட்டோம் என்று ஒருமுறை தோன்றியது. வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

பவளம் வந்தாள். செல்வம் அறையைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினான். புதுச் சுண்ணாம்பு வாசத்தில் அப்பனும் மகளும் ஒரே பாயில் படுத்தார்கள். ஏணிக் கதவை உள்ளே தாழ் போட்டான். ஜன்னலுக்குக் கம்பி உண்டு, ஒரு கை நுழைகிற இடைவெளி.

"காலைல யாருப்பா எழுப்புவா?"

"கடிகாரம்."

"அம்மா சுவத்துல தட்டுமே." அவள் புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சில்லுனு இருக்கு."

"ஓசூர்ல எல்லாமே அப்பிடித்தான். தூங்கு."

அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டான். மூச்சு ஏறி இறங்கியது. எட்டு மாதம் கழித்து அவனுக்கு அழுகை வந்தது. அப்படியே தூங்கிப்போனான்.

மூன்று தட்டு.

"எந்திரிச்சிட்டேன்" என்றான், கண்ணைத் திறக்காமலே.

நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தான். கடிகாரத்தில் நாலு நாற்பது. அலாரம் இன்னும் அடிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அப்பால் வெள்ளைப் பனி. கை பாயின்மேல் இருந்தது. பாய் இன்னும் சூடாக இருந்தது. பவளம் இல்லை.

தாழைப் பார்த்தான். போட்டபடி. ஜன்னல் கம்பி. வளையவில்லை. மூலைகள். பதினோரு அடி அறையில் ஒளிய இடமில்லை.

புதுச் சுவர் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு செங்கல் அசையவில்லை.

மண்டியிட்டுக் காதை வைத்தான். சில்லிட்டது.

மூன்று தட்டு. அவன் தலைக்கு மேல். கரண்டிக் காம்பின் சத்தம்.

பிறகு அவன் நெஞ்சு உயரத்தில், பவளத்தின் கை எட்டுகிற இடத்தில், உள்ளேயிருந்து, மெதுவாக, தாளம் தப்பிப்போய், இன்னும் மூன்று.

"எந்திரிச்சிட்டேன்" என்றான் கருப்பசாமி. "எந்திரிச்சிட்டேன். எந்திரிச்சிட்டேன்."

இரண்டும் தட்டிக்கொண்டே இருந்தன.