சுற்று நிற்கக் கூடாது

துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னர் பாட்டில் காலியாகி ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் கொடியிலிருந்து எடுத்த சின்ன கவுனில் வாசனை இருந்தது.

பாட்டிலில் இருந்த நீலத் திரவத்தின் வாசனை அல்ல. காய்ச்சி ஆறிய பாலும், தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்து மடிப்பும் கலந்தாற்போல ஒரு வெதுவெதுப்பு. அவள் சலவை அறைக்குப் போய், பழைய வாஷிங் மெஷினின் மூடியைத் தூக்கி, டிரம்மின் நடுத்தண்டு உச்சியில் செருகியிருந்த கப்புக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட ஊற்றாத கப்பில், கோடு வரைக்கும் வெள்ளையாக ஏதோ தளும்பிக்கொண்டிருந்தது.

அந்த மெஷினை அவள் வாங்கியதே மகளுக்காகத்தான். வாண்டுவுக்கு ஐந்து வயது. எந்தத் துணியைப் போட்டாலும் "குத்துதும்மா" என்று பிய்த்து எறிந்துவிட்டு, உடம்பெல்லாம் சொறிந்து ரத்தக்கோடு போட்டுக்கொள்வாள். அப்பா கப்பல் வேலையில், எட்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. ராத்திரி முழுக்க விசிறிவிட்டு, ஊதிவிட்டு, அழுது ஓய்ந்த ஒரு நாளில்தான் ஸ்பேனர் அண்ணன் இந்தப் பழைய மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். மெக்கானிக்குக்கு ஊரே வைத்த பெயர் அது.

"இதுல இருக்கிற கப்பு புது மெஷின்ல கிடையாது தங்கச்சி. ஊத்தினது முதல்ல மேல் அறையில அப்படியே நிக்கும். சோப்புத் தண்ணி போனதும் டிரம் வேகமா சுத்தும் பாரு, அப்ப கப்புல இருக்கிறதெல்லாம் சுவத்துல ஏறி ஒட்டிக்கும். சுத்துற வரைக்கும் ஒரு சொட்டு கீழ விழாது. நின்னா, ஓட்டை வழியா இறங்கி அலசுற தண்ணியில கலந்துடும். அதுக்குன்னு தனியா மோட்டாரும் வேணாம், வால்வும் வேணாம். சுத்தினா பிடிக்கும், நின்னா விடும். அவ்வளவுதான் சூட்சுமம்."

"மூடியைத் திறந்தா நின்னுடுமாண்ணே?"

"அந்த சுவிட்ச் செத்துப்போச்சு, நேரா இணைச்சுட்டேன். திறந்தாலும் சுத்தும். கையை மட்டும் விட்டுடாத, அப்புறம் எனக்கு டாட்டா காட்ட கை இருக்காது."

முதல் சலவையிலேயே வாண்டு கவுனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "குத்தவே இல்லம்மா!" பத்து நாள் அந்த வீட்டில் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

அப்புறம் நகம். வெட்டப் போனபோது, நகவெட்டியின் வாயில் அது நறுக்கென்று உடையாமல் பூவிதழ் மாதிரி மடிந்தது. ஒருக்களித்துத் தூங்கி எழுந்தவளுடைய காது, மடிந்தது மடிந்தபடியே இருந்தது. பிஸ்கட் கடித்ததில் முன்பல் நசுங்கியது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சத்துக் குறைவு, வெயில்ல விளையாட விடுங்க" என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கப்பைக் கழற்றி, வெள்ளையை வாஷ்பேசினில் கவிழ்த்துக் கழுவினாள். அன்று மாலையே வாண்டுவின் கால்கள் நிற்க மறுத்தன. முழங்கால் எந்தப் பக்கமும் மடங்கியது.

இன்று கப் மறுபடி நிறைந்திருக்கிறது. கழற்றப் பார்த்தாள், தண்டோடு தண்டாக இறுகிப்போயிருந்தது. நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரி. வாசனை போகட்டும் என்று, குழந்தையின் துணிகளையெல்லாம் வெறும் தண்ணீரில் போட்டு மெஷினின் டயலைத் திருகிவிட்டாள். வெளியே மத்தியான மழை. டிரம் கிறீச்சிட்டு, முனகி, மெல்ல வேகம் பிடித்து, கடைசியில் ஒரே சீரான ஊளையாக மாறியது.

"அம்மா!"

திரும்பினாள். சலவை அறை வாசலில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டு.

"கால் வந்துடுச்சும்மா!" ஒரு குதி குதித்தாள். தரையில் எலும்புள்ள கால்களின் தொம்மென்ற சத்தம். காது நிமிர்ந்திருந்தது. அவள் மகளை அள்ளப் போனாள். பாதியில் கை நின்றது. மூடியைத் தூக்கினாள். சுழலும் கப்புக்குள் வெள்ளை முழுவதும் சுவரில் ஏறி, கெட்டியாக, பல் போலப் பளபளத்தது.

சுத்தினா பிடிக்கும். நின்னா விடும்.

பாட்டிலிலிருந்து வந்ததல்ல அது. வாண்டுவிடமிருந்து வந்தது. இத்தனை நாளாக ஒவ்வொரு அலசலிலும் அவள் சாக்கடைக்கு அனுப்பியது எது என்று இப்போது தெரிந்தது. வெளியேறும் குழாய் சுவருக்குள் புதைந்திருந்தது. ஒரு வாளிகூட வைக்க வழியில்லை.

டயல் டிக் டிக்கென்று அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து பிடித்தாள். உள்ளே பல்சக்கரம் அவள் விரல்களை எதிர்த்து முண்டியது. மறுகையால் போனை எடுத்து ஸ்பேனர் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மெஷின் நிக்காம சுத்தணும்."

"எவ்வளவு நேரம்?"

"நிக்கவே கூடாது."

"அது மெஷினா, சீலிங் ஃபேனா தங்கச்சி?" சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரல் மாறியது. "ரப்பர் கருகுற நாத்தம் வருதா?"

"வருது."

"உடனே நிறுத்து. பெல்ட் பழசு, அறுந்துடும்."

"நிறுத்த முடியாதுண்ணே. வேற பெல்ட் எடுத்துட்டு ஓடி வாங்க. உங்க கால்ல விழறேன்."

"சுத்தும்போது பெல்ட்டை மாத்த முடியாதும்மா. நிறுத்தித்தான் ஆகணும்... அப்படி என்னத்தை ஊத்துன அந்தக் கப்புல?"

"நான் ஊத்தலண்ணே."

"வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

விரல் நுனிகள் மரத்துப்போயின. மெஷினுக்கு அடியிலிருந்து நீலமாகப் புகை கசிந்தது. வாண்டு கூடத்தில் ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தொம். தொம். தொம். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அவள் டயலின் மேல் நெஞ்சைச் சாய்த்து அழுத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். என் ராசாத்தி, இன்னும் கொஞ்சம்.

பட்.

சாட்டை அடித்தாற்போல ஒரு சத்தம். மோட்டார் மட்டும் வெறுமையாக இரைந்தது. டிரம் தன் வேகத்திலேயே சுற்றியது. அவள் டயலை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு டிரம்மைத் தள்ளினாள். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. தள்ளினாள். ஒரு சுற்று. அரைச் சுற்று.

கால் சுற்று.

தொம்... தொ...

சொட்டு. சொட்டு. அப்புறம் மொத்தமாக, ஒரு மடக்கு விழுங்கும் சத்தம். டயல் நகர்ந்தது. தண்ணீர் திறந்துகொண்டது.

கூடத்தில் ஈரத்துணி நழுவி விழுந்த மாதிரி ஒரு ஓசை.

ஓடினாள். தரையில் கவுன் கிடந்தது. அதற்குள் வாண்டு. சுருக்கங்களோடு, தட்டையாக, ஓரத்தில் இரண்டு கண்கள் மட்டும் ஈரமாக மினுங்க. எங்கிருந்தோ ஒரு சன்னக் குரல் வந்தது. சந்தோஷமான குரல்.

"இப்ப எதுவுமே குத்தலம்மா."

சலவை அறைச் சுவருக்குள் தண்ணீர் களகளவென்று வெளியேறிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு மகளைத் தூக்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. முன்கையில் இருபுறமும் வழிந்து தொங்கியது. கண் எதையும் பார்க்கவில்லை. வாய் எதையோ முணுமுணுத்தது.

கைகள் மட்டும், தினமும் செய்து பழகியபடி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உதறி, நீவி, நாலாக மடித்தன.

மடிப்புக்குள் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.