புதன்கிழமை முதல் பீரியட்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் வாசலில்தான் அவர்கள் முதன்முதலாக மோதிக்கொண்டார்கள்.

கோகிலவாணி அந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. படவேட்டில் விடியற்காலை புறப்பட்டு, இரண்டு பஸ்ஸும் ஒரு ஜீப்பும் மாறி, ஜவ்வாது மலைமேல் பலாக்காட்டூர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் ஆசிரியையாக வந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புதிய பதிவேட்டை மார்போடு அணைத்தபடி வகுப்பு வாசலுக்கு அவள் ஓடி வர, எதிர்த்திசையிலிருந்து வந்த ஒருவன் குடையை மடக்கி ஓர் உதறு உதறினான்.

அவள் முகமெல்லாம் தண்ணீர். பதிவேடும் நனைந்தது.

"பாத்து மடக்கக் கூடாதா சார்?"

"மன்னிச்சிருங்க... கவனிக்கல." பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தவன், அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். "நீங்க...?"

"புதுசா வந்த கம்ப்யூட்டர் டீச்சர். இது என் பீரியட்."

"இல்லீங்களே... மூணாவது பீரியட், நைன்த் பி. கணக்கு. நான்தான்."

"எனக்கும் மூணாவது பீரியட், நைன்த் பி தான் சார். ஆபீஸ்ல ஒட்டியிருக்கிற சார்ட்டப் பாத்து இப்பத்தான் எழுதிகினு வந்தேன்."

உள்ளே நாற்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த மகாராசன் சார் இந்த டைம் டேபிளப் போட்டது? ஒரே வகுப்புக்கு ரெண்டு பேர அனுப்பி வச்சிருக்காரு."

கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் காது மடல்கள் சிவந்தன. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மழை கழுவிவிட்ட கருங்கல் போலப் பளபளத்த கண்கள்... கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இருந்ததென்னவோ வெட்கம்தான்.

"அந்த மகாராசன் நான்தாங்க," என்றான். "நீங்க எடுங்க. நான் போறேன்."

போய்விட்டான். கோகிலவாணிக்கு அன்று பாடம் சரியாக ஓடவில்லை.

அவன் பெயர் வெற்றிச்செல்வன். புதூர்நாட்டுப் பக்கத்தில் சாமை விதைக்கிற குடும்பம். அவன் ஊரில் கணக்குப் படித்து எம்.எஸ்சி. முடித்த முதல் ஆள். ஐந்து வருடங்களாகப் பள்ளிக்கு டைம் டேபிள் போடுவதும் அவன்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு பெரிய சார்ட்டும் பென்சிலும் ரப்பருமாக மூன்று வாரம் உட்காருவானாம்.

'மூன்று வாரமா...' அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது.

அடுத்த நாள் சார்ட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து எல்லாவற்றையும் டேட்டாபேஸில் ஏற்றினாள். ஆசிரியர்களுக்கு ஒரு டேபிள், வகுப்புகளுக்கு ஒன்று, பாடங்களுக்கு ஒன்று, எந்த நாள் எந்த பீரியட் யாருக்கு என்று இன்னொன்று. பிறகு அதனிடம் ஒரே ஒரு கேள்வி, ஒரு குவெரி. ஒரே நாளில், ஒரே பீரியடில், ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருந்தால் காட்டு. ஒரே ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு இருந்தாலும் காட்டு...

கண்மூடித் திறப்பதற்குள் பதினோரு வரிகள் வந்து நின்றன. பதினோரு மோதல்கள்.

அதை அச்செடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியர் பஞ்சாட்சரத்தின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். வெற்றிச்செல்வன் டிபன் பாக்ஸை மூடி வைத்தான்.

"சார், இனிமே மேடமே போடட்டும்," என்றான். குரலில் சூடில்லை. "மெஷின் கிட்ட என் ரப்பர் ஜெயிக்காது."

எழுந்து போனான். சோறு பாதிக்குமேல் மிச்சமிருந்ததை அவள் பார்த்தாள்.

நான்கே நாளில் அவள் புதிய டைம் டேபிளை முடித்தாள். ஒரு மோதல்கூட இல்லை. திங்கட்கிழமை காலை புதிய சார்ட் சுவரில் ஏறியது. மணி ஒன்பதரை. முதல் பீரியட்...

நான்கு வகுப்புகளில் ஆசிரியரே இல்லை.

திருப்பத்தூரிலிருந்து வரும் பஸ் பத்து மணிக்குத்தான் மலையேறி வந்து நிற்கும் என்பது டேட்டாபேஸுக்குத் தெரியாது. அந்த பஸ்ஸில் நான்கு ஆசிரியர்கள் வருகிறார்கள் என்பதும் தெரியாது. நான்கு வகுப்புகளும் ஒரே இரைச்சல். கோகிலவாணி லேப் வாசலில் உறைந்துபோய் நின்றாள்.

வெற்றிச்செல்வன் வந்தான். நான்கு வகுப்புப் பிள்ளைகளையும் நீள வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்தான். ஒரு சாக்பீஸை எடுத்துச் சுவரிலேயே ஒரு கணக்குப் புதிர் எழுதினான். இரண்டே நிமிடத்தில் அத்தனை பேரும் தலை குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவளைக் கடந்து போனபோது அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதட்டோரத்தில்கூடச் சிரிப்பில்லை.

'ஏதாவது சொல்லியிருக்கலாமே... திட்டியிருக்கலாமே...' அன்று மழை நின்றிருந்தது. அவள் கண்கள்தான் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஞ்சாட்சரம் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"பிளஸ் ஒன்ல கணக்கு குரூப்ப இந்த வருஷம் எடுத்துடலாம்னு இருக்கேன். பிசிக்ஸுக்கு ஜெயசுதா டீச்சர் வாரத்துல மூணு நாள்தான் நம்ம ஸ்கூலுக்கு. வாரம் ஆறு பீரியட் வேணும், உங்க சார்ட்டுலயும் வரல, அவரு சார்ட்டுலயும் வரல. பதினோரு பசங்கதான். கீழ திருப்பத்தூர்ல சேந்துக்கட்டும். திங்கக்கிழம எழுதி அனுப்பிடறேன்."

வெற்றிச்செல்வன் முகம் வெளுத்துப்போனது. அறையை விட்டு வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளிடம் அவனாகப் பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"நானும் அப்படிக் கீழ போய்ப் படிச்சவன்தாங்க. எங்க பேட்ச்சுல ஏழு பேர் போனோம். அஞ்சு பேர் பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தவங்க திரும்பவே போவல. இந்த பதினோரு பேருல பூவிழின்னு ஒரு பொண்ணு... வகுப்புல எனக்கு முன்னாடி கணக்கப் போட்டு முடிக்கிற பொண்ணு. கீழ போய்த்தான் படிக்கணும்னா அவங்க வூட்ல அனுப்ப மாட்டாங்க."

"நாளைக்கு சனிக்கிழம," என்றாள் கோகிலவாணி. "காலைல லேபுக்கு வர்றீங்களா?"

"நான் எதுக்குங்க?"

"டைம் டேபிள் எனக்குத் தெரியும் சார். ஸ்கூல் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்தப் பேப்பரக் குடுத்தது தப்பு. மன்னிச்சிருங்க."

அவன் அவளையே பார்த்தான்.

"நானும் கோச்சுக்கினு ஒதுங்கி இருந்திருக்கக் கூடாது," என்றான். "பஸ் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல. பசங்கதான் கஷ்டப்பட்டாங்க."

சனிக்கிழமை காலை. லேப் ஜன்னலுக்கு வெளியே மறுபடி மழை. அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"தமிழ் சாருக்கு முழங்கால் வலி... மாடி வகுப்பு போடாதீங்க."

"சரி."

"ஏழாவது பீரியட்ல பி.டி. வேணாம். மூணு மணிக்கு மேல பனி எறங்கிடும், பந்து கண்ணுக்குத் தெரியாது."

"இதெல்லாம் எந்த சார்ட்டுல எழுதி வச்சிருந்தீங்க?"

"எங்கயும் எழுதல. மண்டையில இருந்துச்சு."

"நல்ல வேள... என் டேட்டாபேஸ விட உங்க மண்ட பெருசு."

அவன் சிரித்தான். முதன்முதலாக அவள் பார்த்த சிரிப்பு. அவள் விரல்கள் எந்த எழுத்தைத் தட்டுவது என்று மறந்து ஒரு கணம் அப்படியே நின்றன...

அவன் மண்டையில் இருந்ததெல்லாம் வரி வரியாக டேபிள்களில் ஏறியது. கடைசியில் அந்த குவெரி. ஜெயசுதா டீச்சரும் பிளஸ் ஒன் கணக்கு குரூப்பும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கிற பீரியட்களைக் காட்டு.

ஐந்து வரிகள் வந்தன. தேவை ஆறு.

வகுப்புகளை இடம் மாற்றினாள். மறுபடி ஐந்து. லேப் நேரத்தை விட்டுக்கொடுத்தாள். ஐந்து. தன் பீரியட்களையெல்லாம் கடைசி மணிக்குத் தள்ளிப் பார்த்தாள். ஐந்துதான். மதியமாகிவிட்டது. இருவருக்கும் பசி தெரியவில்லை.

"ஒரே ஒரு பீரியட்..." அவள் குரல் உடைந்தது. "அதுவும் கெடைக்கலயே."

வெற்றிச்செல்வன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"ஜெயசுதா டீச்சருக்கு முதல் பீரியட் முடியாதுன்னு எந்தெந்த நாளுக்குப் போட்டிருக்கீங்க?"

"மூணு நாளும்தான். திங்கள், புதன், வெள்ளி. பஸ் பத்து மணிக்குத்தானே..."

"புதன்கிழமை நம்ம ஊர்ல சந்தைங்க. மத்த மூணு டீச்சரும் எப்பவும் பஸ்ஸுலதான் வருவாங்க. ஆனா ஜெயசுதா டீச்சர் வூட்டு வாசல்லருந்தே சந்தைக்கு வர்ற ஜீப் கெளம்பும்."

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். மறுமுனையில் ஜெயசுதா டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "ஆமா கோகிலா. புதன்கிழமைன்னா எட்டரைக்கே வந்து சும்மா உக்காந்துகினு இருக்கேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலியே."

ஒரே ஒரு வரியை மாற்றினாள். குவெரியை ஓட்டினாள்.

ஆறு வரிகள். ஆறாவது வரி: புதன்கிழமை, முதல் பீரியட்.

மோதல் குவெரியையும் ஓட்டினாள். ஒரு வரிகூட வரவில்லை. வெறும் வெள்ளைத் திரை. அதைவிட அழகான எதையும் அவள் அதுவரை பார்த்ததில்லை. அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கைகளை எடுத்தபோது கண்கள் நனைந்திருந்தன.

திங்கட்கிழமை பஞ்சாட்சரம் சார்ட்டை மேலிருந்து கீழாக மூன்று முறை பார்த்தார். தப்புக் கண்டுபிடிக்க முயன்றார். முடியவில்லை. கணக்கு குரூப்பை எடுக்க எழுதி வைத்திருந்த கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பச்சை மையில் கையெழுத்திட்டார்.

புதன்கிழமை முதல் பீரியட் மணி அடித்தது. ஜெயசுதா டீச்சர் ஈரக் குடையோடு உள்ளே நுழைய, பதினோரு பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. முதல் பெஞ்சில் பூவிழி நின்றிருந்தாள். வராந்தாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சாரல் இருவர் மேலும் தெறித்தது. யாரும் நகரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் வெற்றிச்செல்வன்.

"சொல்லுங்க."

"எங்க அம்மா கிட்ட ஞாயித்துக்கிழம பேசினேன்."

"இன்னான்னு?"

"படவேட்டுப் பொண்ணு ஒருத்தி... அவங்களத்தான் கட்டிக்கப் போறேன்னு."

கோகிலவாணி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னக் கேக்காமலேயா?"

"உங்களக் கேக்கத்தான் தைரியம் வரல... அம்மாகிட்ட சொல்றது ஈஸியா இருந்துச்சு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அம்மா இன்னா சொன்னாங்க?"

"மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுடான்னாங்க."

"அப்ப சொல்லுங்க."

அவன் திரும்பி அவள் கண்களைப் பார்த்தான். இந்த முறை வெட்கப்படவில்லை.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. ரொம்ப... வாழ்க்க பூரா கூட இருக்கணும்னு தோணுது."

மழை வலுத்தது. அவள் அவன் பையில் கைவிட்டுக் கைக்குட்டையைத் தானே எடுத்து, நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பா கொஞ்சம் முன்கோபி," என்றாள். "நீங்க பேசவேணாம். நானே பேசிக்கிறேன். உங்களுக்காக நான் பேசுவேன்... எனக்கும் உங்கள அவ்ளோ புடிச்சிருக்கு."