சீரகமணி

தணிகைவேல் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். ரவையை வறுத்து உப்புமா கிண்டி, தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். வயிறு இதமாக இருந்தது.

மனைவி நிறைமதியின் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இதுவரை ஒரு வேளைகூட அவனுக்குச் சோறு இறங்காமல் போனதில்லை. அவளை எடுத்துக்கொண்டு போன அன்றும் பசித்தது. அவளைப் பெற்றவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான்.

எல்லோர் இரைப்பையிலும் சீரகமணி ஒட்டியிருந்த காலம் அது. சீரகம் அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. இலவசமாகத் தருவார்கள், தண்ணீரோடு விழுங்க வேண்டியதுதான். வயிறு எரிந்தாலும் உப்பினாலும், அந்த வேதனை நரம்பேறி மூளைக்குப் போகும் முன்பே மணி அதை அமர்த்திவிடும். அஜீரணம் என்று வருகிற கூட்டம் அதோடு நின்றது. துக்கமும் பயமும்கூட முதலில் வயிற்றைத்தான் பிசையும். அவையும் சேர்ந்து அடங்கின. யாரும் குறை சொல்லவில்லை.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த பருத்த மனிதர் கேட்டார்: "மணி மாத்தவா தம்பி?"

"எடுக்க."

"எடுக்கவா? நல்லாத்தானே இருக்கே! நேத்து மச்சான் வீட்டுக் காதுகுத்து. மூணாவது தட்டு பிரியாணிக்கு என் பொண்டாட்டி முறைக்கிறா. வயிறு ‘வா மாமா, வா’ங்குது."

தணிகைவேல் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் அமலோற்பவம் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எடுத்தா சோறு இறங்காது. தூக்கம் வராது. எல்லாம் மொத்தமா வந்து விழும்."

"விழட்டும் டாக்டர். அவ என் பொண்டாட்டி. எனக்கு ஒரு நாளாவது வலிக்கணும்."

அவர் மருந்து அலமாரியைத் திறந்தார்.

"அவளுக்கு வந்தது மாரடைப்புன்னு சொன்னீங்க. மணிக்கு அது தெரியலையா?"

"வாயுன்னு நெனச்சுது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் போறது ஒரே நரம்பு. அமர்த்திடுச்சு."

"நெஞ்சு வலி எப்படி வாயு ஆகும்?"

"அதுக்குப் பாடம் சொன்னதே நாமதான் தணிகைவேல். மணி வர்றதுக்கு முன்ன வருஷக்கணக்கா இங்க வந்தவங்க சொன்னதைத்தான் அது படிச்சுது. நெஞ்சு அடைக்குதா, வாயு. தோள் இழுக்குதா, வாயு. பொம்பளைங்கன்னா கேக்கவே வேணாம். நாங்களும் வாயுன்னே எழுதி, ஓமத்தண்ணி குடிங்கம்மான்னு அனுப்பிட்டோம்." ஒரு கோப்பையைத் துடைத்தார். "உங்களை மாதிரி வந்தவங்க எல்லார்கிட்டயும் இதைச் சொல்றேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடறேன்."

மணியைக் கரைக்கும் மருந்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அவன் குடித்தான். அவர் இன்னொரு கோப்பை எடுத்து ஊற்றினார். அவன் முகத்தைப் பார்க்காமல் தானும் குடித்தார்.

பேருந்து நிறுத்தத்தில் அது வந்தது. அடிவயிற்றிலிருந்து சுருட்டிக்கொண்டு மேலே ஏறியது. கம்பத்தைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தான். நின்றவர்கள் விலகினார்கள். அப்படி ஒன்றை அவர்கள் பார்த்து வருஷக்கணக்கானது. ஒரு குழந்தை, "அந்த மாமா என்ன பண்றாரும்மா?" என்றது. தாய்க்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு பயம் வந்தது. நிறைமதி இறந்த அன்று மாலையே வந்திருக்க வேண்டிய பயம். பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்று நெஞ்சைப் பிடித்தாள். முகம் வெளுத்தது. மூச்சு விடுவதற்குள் தெளிந்தது. நெற்றி மட்டும் வேர்த்திருந்தது. அவனை உற்றுப் பார்த்தாள். அவன் வயிற்றிலும் மணி இருந்தது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளைப் பார்த்தான். உள்ளே போய்ப் படுப்பதற்கு முன் அவள் சொன்னாள்:

"நீ பயப்படலைல்ல? அப்ப ஒண்ணுமில்ல. சாப்பிடு, ஆறிடும்."