துடைக்காத ஜன்னல்

அந்தத் தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் பளிச்சென்று இருக்கும், தையல் கடைக்கு மேல்மாடியில் உள்ள ஒரே ஒரு ஜன்னலைத் தவிர. அது ஒரு சமையலறை ஜன்னல். அதில் தூசி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு, போதாததற்குக் காக்கா எச்சம் வேறு.

இத்தனைக்கும் அந்த ஊரில் ஜன்னல் துடைப்பது ஒரு சூனியக்காரி.

சூனியக்காரி என்றதும் வளைந்த மூக்கையும் நீள நகத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இவளுக்குச் சாதாரண மூக்குதான். ஜலதோஷம் பிடித்தால் நம் மூக்கைப் போலவே ஒழுகும். துடைப்பத்தின் முனையில் வாளியைத் தொங்கவிட்டு, மாடி மாடியாகப் பறந்து கண்ணாடி துடைப்பாள். எப்போதும் சோப்பு வாசனை வீசுவதால் எல்லோருக்கும் அவள் சோப்பு அத்தை.

"அம்மா தாயே, சோப்புத் தண்ணி என் தலையில சொட்டுது!" என்று கீழேயிருந்து தையல்காரர் கத்துவார்.

"தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சோ! சும்மா நில்லுங்க!" என்று மேலேயிருந்து பதில் வரும்.

பறப்பதைத் தவிர சோப்பு அத்தைக்கு ஒரே ஒரு மந்திரம்தான் தெரியும். ஜன்னல் கண்ணாடி தான் பார்த்ததை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும். அத்தை அதன்மேல் ஊதி, "இந்த நேரத்தைக் காட்டு" என்று சொல்லித் துடைத்தால், அப்போது அது பார்த்தது அப்படியே தெரியும். சத்தம் மட்டும் வராது. ஊரில் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தது யார் என்று கண்டுபிடிக்க இந்த மந்திரம் ரொம்ப உதவியது. பெரும்பாலும் பூனைதான்.

ஆனால் ஒரு தடவைதான் காட்டும். துடைத்து முடித்ததும் கண்ணாடி பழையதை எல்லாம் மறந்துவிடும். சும்மா துடைத்தாலும் அப்படித்தான்.

அதனால்தான் மேல்மாடியில் இருந்த பெண் அந்த ஜன்னலைத் துடைக்க விடவில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். எனவே நாமும் அவளை அக்கா என்றே கூப்பிடுவோம்.

சோப்பு அத்தை வரும்போதெல்லாம் அக்கா ஜன்னலுக்குக் குறுக்கே நிற்பாள்.

"இது மட்டும் வேணாம் அத்தை."

"சரிம்மா. காக்கா எச்சத்தையாவது சுரண்டிடவா?"

"வேணாம்."

அந்தக் கண்ணாடிக்குள் அம்மா இருந்தாள். ஒருநாள் காலை மாவு பிசையும்போது அம்மா தனக்கு மாவால் மீசை வைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, அப்பாவைப் போல நடந்து காட்டினாள். அக்கா சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலையைத் தன் பிறந்தநாளன்று கேட்கலாம் என்று அக்கா வைத்திருந்தாள். ஏனென்றால் இப்போது அம்மா இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அதில் அக்காவுக்கு அம்மாமேல் ஒரு கோபமும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று வாடகைக் கார் கிளம்பும்போது, அம்மா காருக்குள் இருந்து இரண்டு விரலைக் காட்டினாள். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். இரண்டே நாளில் வந்துவிடுவேன் என்றுதானே அர்த்தம்? இரண்டு நாளும் அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா பொய் சொல்லிவிட்டாள்.

தம்பியின் கதை இன்னும் மோசம். அவனுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாமல் பேசுவான். "கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுடா கண்ணா" என்று அம்மா கெஞ்சுவாள். அம்மா போன நாளிலிருந்து ரேடியோ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்பா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். யானை, முயல் என்று தினம் ஒரு மிருகத்தை ரொட்டியில் செய்துகொண்டு வந்தார். தம்பி வாலைக் கடித்துத் தின்றான். பேசவில்லை.

ஒருநாள் மாலை, கை கழுவும்போது அக்கா கவனித்தாள். தம்பி தன் சுண்டுவிரலில் ஒரு துணியை இறுக்கிச் சுற்றியிருந்தான். அம்மாவின் பழைய கைக்குட்டையில் கிழித்த துணி.

"என்னடா, அடிபட்டுச்சா?"

இல்லை என்று தலையாட்டினான். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அக்காவுக்கு அம்மா கிளம்பிய காலை ஞாபகம் வந்தது. தானும் கூட வருவேன் என்று தம்பி அடம் பிடித்தான். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்றாள் அம்மா. உடனே அவன் சுண்டுவிரலை நீட்டி, "போ! உன்கூட காய்!" என்று சொல்லிவிட்டு ஓடி வந்து, சமையல் மேடையில் ஏறி, இதே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"ரேடியோ, அம்மாகிட்ட காய் விட்டியே, அதுக்காகவாடா பேச மாட்டேங்கற?"

தம்பியின் உதடு பிதுங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அம்மாவுக்குப் பதிலா நான் பழம் விடறேன். சரியா?"

தம்பி வேகமாகத் தலையாட்டினான். முடியாது. யாரோடு காய் விட்டோமோ அவர்கள்தான் பழம் விட வேண்டும். அதுதானே சட்டம்? அக்காவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

மறுநாள் சோப்பு அத்தை தையல் கடையின் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா போய் நின்றாள்.

"அத்தை, அம்மாவை ஒரு நிமிஷம் கூப்பிட முடியுமா? பழம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அத்தை துடைப்பத்திலிருந்து இறங்கினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"முடியாதும்மா. அந்த மந்திரம் எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதே."

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, கிளம்பின அன்னிக்குக் காலையைக் காட்டுவீங்களா? அம்மா கோவமா போகலைன்னு தம்பி பாக்கணும். முகத்தைப் பாத்தா அவனுக்குப் புரியும்."

"நீ வேற ஒரு நாளைப் பத்திரமா வெச்சிருக்கியே?"

"ஆமா."

"அது போயிடும்மா. திரும்ப வராது."

"தெரியும் அத்தை" என்றாள் அக்கா. அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதுவிட்டாள்.

அன்று மாலையே சோப்பு அத்தை ஜன்னலுக்கு வெளியே வந்து துடைப்பத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அக்கா தம்பியை மேடையில் ஏற்றி நிறுத்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மனதுக்குள் மாவு மீசை ஒரு தடவை நடந்து போனது. அத்தை கண்ணாடியில் ஊதினாள், "அம்மா கிளம்பின நேரத்தைக் காட்டு" என்றாள், துடைக்க ஆரம்பித்தாள்.

கீழே தெரு தெரிந்தது. வாடகைக் கார் நின்றது. வாசலில் பழைய பச்சைச் சட்டையில் அக்கா. காருக்குள் அம்மா. எவ்வளவு மெலிந்திருக்கிறாள்! அன்று அது ஏன் தன் கண்ணில் படவில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

கார் நகர்ந்தது. அம்மா கார் ஜன்னலில் தலையை நீட்டினாள். வாசலில் நின்ற அக்காவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, நேராக இந்தச் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். இங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு குட்டித் தலையைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டினாள். கார் தெருமுனை திரும்பும்வரை அந்தக் கையை இறக்கவே இல்லை.

"பழம்!"

சொன்னது தம்பி. குரல் கரகரவென்று துருப்பிடித்திருந்தது.

"அக்கா, பழம்! அம்மா பழம் விட்டாங்க! நான் பாக்கல, நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன். அம்மா எனக்குப் பழம் விட்டாங்கக்கா!"

அக்கா தன் இரண்டு விரலைச் சேர்த்துப் பார்த்தாள். சுண்டுவிரல் காய், இரண்டு விரல் பழம். எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அம்மா இரண்டு நாள் என்று சொல்லவே இல்லை. அம்மா பொய் சொல்லவே இல்லை. இத்தனை நாளாக அக்காவும்தான் அம்மாவோடு காய் விட்டிருந்தாள், விரலை நீட்டாமலே.

கண்ணாடி வெறும் கண்ணாடியானது. வெளியே சோப்பு அத்தை மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள்.

தம்பி விரலில் இருந்த துணியை அவிழ்த்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, அம்மா இனிமே வரவே மாட்டாங்களா?"

"வர மாட்டாங்கடா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் தம்பி பேச ஆரம்பித்தான். சேர்த்துவைத்ததை எல்லாம் பேசினான். யானை ரொட்டியில் வால் கருகியிருந்தது, டாக்டர் டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, தையல்காரர் தலையில் வழுக்கை விழுகிறது, ஒன்றையும் விடவில்லை.

அப்பா ரொட்டிப் பையோடு மாடிப்படி ஏறி வந்தார். பாதிப் படியில் அந்தக் குரல் காதில் விழுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கதவைத் திறந்து பார்த்த அக்காவிடம், "ஆஃப் பண்ணிடாதேம்மா, ஓடட்டும்" என்றார். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது.

தம்பி அப்பாவின் மடியில் ஏறிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அக்கா சமையலறைக்குத் திரும்பி வந்தாள். சுத்தமான ஜன்னல் வழியாகத் தெரு கடைசிவரை தெரிந்தது. கார் திரும்பிய முனையும் தெரிந்தது. அவள் இரண்டு விரலைச் சேர்த்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

அடுத்த தடவை சோப்பு அத்தை வந்தபோது, அக்கா குறுக்கே நிற்கவில்லை. அத்தை வெளிப்பக்கத்தை முடித்துவிட்டு, உள்பக்கத்தைத் துடைக்க உள்ளே வந்தாள். கண்ணாடியின் நடுவில் இரண்டு விரல் ரேகை இருப்பதைப் பார்த்தாள். அதைத் தொடாமல், சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.