பதில் ஸலாம்

பழவேற்காட்டு மணல்மேட்டில் முட்டையிடும் ஆலாப் பறவைகள் அத்தனையும் தனக்கு ஸலாம் சொல்கின்றன என்று அப்துல் ரவூப் சொன்னதும் புதுவாயல் கூட்டுரோடு டீக்கடை குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நெடுஞ்சாலையில் போன கன்டெய்னர் லாரி பிரேக் போட்டது, பாய்லரில் இருந்த பால் பயந்து திரிந்தது என்றெல்லாம் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். ரவூப் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் யாருக்கும் நாக்கு கொஞ்சம் நீண்டுவிடும்.

புளுகு அவருக்குப் புதிதல்ல. ஏரியில் ஒரு கூழைக்கடா தன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்ததாகச் சொன்னவர். ஒரு கடற்காக்கை தன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி இழுத்துவிட்டு, "இது இன்னா பிராண்டு" என்று கேட்பதுபோல முறைத்ததாகச் சொன்னவர். ஒவ்வொரு புளுகு முடிந்ததும் தொடையில் ஓங்கி ஓர் அறை அறைவார். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலை இரைகிற இரைச்சலிலும் அந்த அறை கேட்கும்.

இன்று அறையவில்லை.

அதைக் கவனித்தவர் ஜெயராஜ் ஒருவர்தான். முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் ரவூபோடு வேலை பார்த்து, ஒன்றாகவே ஓய்வு பெற்றவர். எதையும் லேசில் நம்பமாட்டார். சர்ச்சில் பாதிரியார் "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்று ஆரம்பித்தால்கூடக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆமென் சொல்வார்.

"ஆலா ஸலாம் சொல்லுதா? எந்தப் பள்ளிவாசல்லடா அதுக்கு மோதினார் வேலை குடுத்தாங்க?"

"நீயும் வா. கேளு" என்றார் ரவூப். குரலில் விளையாட்டு இல்லை. டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அன்று சாயங்காலமே ரவூபின் மனைவி மெஹர்னிசா, கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தங்கள் வீட்டு வாசலில் ஜெயராஜை நிறுத்தினாள். கொடியில் ஒரு லுங்கியும் சட்டையும் உப்புப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணே, அவரு கதை உடறாருன்னு எனக்குத் தெரியும். துணி கதை உடுமா? மொதல்ல முட்டி வரைக்கும் நனைஞ்சி வந்தாரு. அப்பறம் இடுப்பு. போன வாரம் சட்டைக் காலரு ஈரம். ஒரு புள்ளைய அந்தக் கடலுக்குக் குடுத்துட்டேன். இவரையாவது கூட்டினு வந்துருங்கண்ணே."

"நான் இருக்கேன்மா. கையோட கூட்டினு வரேன்" என்றார் ஜெயராஜ்.

அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை, அர்ஷத். சிப்காட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. லீவு நாளென்றால் கழுத்தில் பைனாகுலர். சித்திரை, வைகாசியில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும்போது, நாயும் பைக்கும் அந்தப் பக்கம் போகாமல் வெயிலில் நின்று காவல் காப்பான். கறுப்புத் தொப்பியும் பிளந்த வாலுமாக அந்த வெள்ளைப் பறவைகள் அவன் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும். போன கோடையில் காற்று முறுக்கிக்கொண்டு அடித்தபோது, கரைப்பக்கமே வராத ஆழ்கடல் ஆலாக்கள் ஒதுங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு ஃபைபர் படகில் போனான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. படகோட்டி நீந்தி வந்தார். அர்ஷத் வரவில்லை. செருப்பு, பாட்டில், செத்த ஆமை என்று சகலத்தையும் கரையில் கொண்டுவந்து போடும் கடல் அவனை மட்டும் போடவே இல்லை. தொழுகை நடத்தி அடக்கம் செய்ய மையத்து இல்லை. தாயும் தகப்பனும் போய் நின்று ஸலாம் சொல்ல ஒரு கபுரும் இல்லை.

அதன்பிறகுதான் ரவூப் பைனாகுலரை எடுத்து மாட்டிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போக ஆரம்பித்தது.

மறுநாள் காலை பொன்னேரி வழியாக பைக்கில் போய், பழவேற்காட்டில் படகேறினார்கள். படகுக்காரர் அவர்களை மணல்மேட்டில் இறக்கிவிட்டு வலை பார்க்கப் போனார். வெயில் அப்போதே ஏறியிருந்தது. தெற்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கானலில் காலில்லாமல் மிதந்தன. மணலில் இருந்து வெந்த உப்பும் பறவை எச்சமும் அழுகின கடற்பாசியும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. தலைக்கு மேல் ஆயிரமோ லட்சமோ, ரவூபைக் கேட்டால் கோடி என்பார், அத்தனை ஆலாக்களும் கிர்ரிக் கிர்ரிக் என்று ஒரே மூச்சாகக் கத்தி, பாய்ந்து பாய்ந்து வந்து தலைமயிரை உரசிவிட்டுப் போயின.

"என் கால் தடத்துலயே கால வெச்சி வா" என்றார் ரவூப். "முட்டையும் மணலும் ஒரே கலரு. தப்பி வெச்சா ஆம்லெட்டு."

அது அர்ஷத் போட்டுவைத்த சட்டம். முன்னால் போகிறவன் முட்டை இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வைக்கவேண்டும். பின்னால் வருகிறவன் அதே தடத்தில் கால் வைக்கவேண்டும். எத்தனை பேர் போனாலும் மணலில் ஒரு வரிசைத் தடம்தான் இருக்கவேண்டும்.

"உன் காலு சட்டி சைசுக்கு இருக்குது. என் ரெண்டு காலையும் ஒண்ணா வெக்கலாம் போல" என்றார் ஜெயராஜ்.

ரவூப் சிரிக்கவில்லை.

ஒரு ஆலாவின் எச்சம் ஜெயராஜின் தோளில் சுடச்சுட விழுந்தது. அவர் வாய் திறந்து திட்டப்போனார். அந்த நேரத்தில் சத்தம் நின்றது.

குறையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கவும் இல்லை. யாரோ மெயினை அணைத்ததுபோல அத்தனை தொண்டையும் ஒரே நொடியில் அடைத்தது. மேட்டில் இருந்த பறவைகள் எல்லாம் எழுந்து, மணலை ஒட்டித் தாழ்வாக, சிறகடிக்கும் ஓசைகூட இல்லாமல் கடல் பக்கம் ஒரே போர்வையாகப் போய்விட்டன. முட்டைகள் மட்டும் வெயிலில் கிடந்தன. அலைகூட கரைக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு திரும்புவதுபோல இருந்தது.

பருந்து ஏதாவது வந்திருக்கும். ஜெயராஜ் வானத்தைப் பார்த்தார். பருந்து இல்லை. நாய் இல்லை. ஒன்றும் இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவருக்குப் பின்னால் இருந்து வந்தது. தண்ணீர்ப் பக்கம். கொஞ்சம் மூச்சு வாங்கி, கடைசி எழுத்தை இழுத்து. வேலை முடிந்து வந்து, ஷூவை உதறிக்கொண்டே வாசலில் நின்று ஒரு பையன் சொல்வானே, அப்படி.

ஷிப்டு மாறும்போதெல்லாம் ரவூபின் ஸலாமுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். அது ஜெயராஜைக் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் அதுவே சொல்லிவிட்டது.

"வஅலைக்கும் ஸலாம்."

ரவூப் திரும்பினார். அந்த முகத்தை ஜெயராஜ் எந்த உலை வெளிச்சத்திலும் பார்த்ததில்லை.

"இன்னாடா பண்ண?" என்றார் ரவூப். "நீ ஏன்டா பதில் சொன்ன?"

"பழக்கத்துல வந்துருச்சு. யாருடா அது?"

"தெரியலயா உனக்கு?"

தெரிந்தது. அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு பொங்கல் சந்தை சுற்றியவர் அவர்.

"எனக்கு மட்டும்தான் கேக்குதா, புத்தி கித்தி பேதலிச்சிப் போச்சான்னு பாக்கத்தான் ஆலான்னு கதை கட்டி உன்ன கூப்புட்டேன்" என்றார் ரவூப். "ஒவ்வொரு தபாவும் ஸலாம் சொல்றான். தேடிக்கினு தண்ணில எறங்குவேன். ஆளு இருக்காது. ஆனா பதில் மட்டும் சொன்னதில்ல. நாக்கைக் கடிச்சிக்கினு நிப்பேன்டா, ரத்தம் வரும். வாசல்ல நின்னு ஸலாம் சொல்றவனுக்குப் பதில் சொன்னா, உள்ள வான்னு அர்த்தம். இத்தினி நாளு கடல்ல கெடந்ததை எப்டிடா உள்ள வான்னு சொல்லுவேன்? பெத்தவ பாத்தா தாங்குவாளா?"

ஜெயராஜின் கண் ரவூபின் மேல் இல்லை. தாங்கள் வந்த வழியில் இருந்தது.

காய்ந்த மணலில் அவர்களுடைய ஒற்றை வரிசைத் தடம் தண்ணீர் விளிம்பிலிருந்து வளைந்து வளைந்து வந்திருந்தது. விளிம்பில் இருந்த முதல் தடம் கறுத்தது. நீர் ஊறிக் கறுத்தது. ஓரம் சரிந்து, குழி ஆழமாயிற்று. பிறகு அடுத்த தடம். பிறகு அதற்கு அடுத்தது.

யாரும் இல்லை.

தடம் கறுத்தது.

இன்னொன்று.

நாலு முட்டை கிடந்த இடத்தில் ரவூப் சுற்றி நடந்திருந்தார். அங்கே அதுவும் நின்றது. பார்த்தது போல. பிறகு சுற்றிக்கொண்டு வந்தது. ஓர் ஓடுகூட உடையவில்லை.

ரவூபின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"பாத்தியாடா" என்றார். "முட்டையை மிதிக்காம வரான்."

பாசி நெடி. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

"நம்ம தடத்தைப் புடிச்சிக்கினே ஊட்டுக்கு வந்துருவான்" என்றார் ரவூப் மெதுவாக. "நீ நவுராத. காலைத் தூக்காத. நான் கடல் பக்கமா முன்னால போறேன். எம் பின்னால வந்துருவான்."

"டேய் ரவூபு. வேணாம். ஊட்ல சொல்லியிருக்கேன்டா, கையோட கூட்டினு வரேன்னு."

ரவூப் காதில் வாங்கவில்லை. பக்கவாட்டில், கடலைப் பார்த்து, முட்டை இல்லாத இடமாகத் தேடித் தேடிக் கால் வைத்து நடந்தார். ஜெயராஜுக்கு ஓரடி முன்னால் வரை வந்திருந்த ஈரம் நின்றது. திரும்பியது. ரவூபின் புதிய தடங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

"வா ராஜா" என்று ரவூப் சொல்வது கேட்டது. "வாப்பா கால் வெச்ச எடத்துலயே வெச்சி வா."

முட்டி.

இடுப்பு.

காலர்.

அப்போதுதான் ஜெயராஜ் காலைத் தூக்கினார். ஓடினார். காலுக்கடியில் என்னவெல்லாமோ உடைந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது அலை மட்டும் இருந்தது. ஆலாக்கள் திரும்பி வந்து, உடைந்த முட்டைகளின் மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின.

படகுக்காரரும் வலைக்காரர்களும் உச்சி வெயில் வரை தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபோனில் சொல்லக்கூடிய சேதியா அது? மதியம் சாய்வதற்குள் ஜெயராஜே கவரைப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார்.

மெஹர்னிசா வாசற்படிக்கு உள்ளே நின்றாள். இவர் வெளியே. தெருவில் குக்கர் விசில், கோழி, டிவி, ஸ்டேஷனில் ரயில் வரும் அறிவிப்பு. அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவரு எங்கண்ணே?"

கையோடு கூட்டிவருகிறேன் என்று சொன்ன மனிதர் இரண்டு வெறுங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொல்லத்தான் வந்திருந்தார். கண்ணீர்தான் வந்தது. அவள் புரிந்துகொண்டு கதவுச் சட்டத்தைப் பிடித்தாள். அலறுவாள், ஊர் கூடும், யாராவது வருவார்கள் என்று ஜெயராஜ் ஏங்கிக் காத்திருந்தார்.

குக்கர் நின்றது. கோழி நின்றது. டிவி நின்றது. ஸ்டேஷன் அறிவிப்பு பாதி வார்த்தையில் நின்றது.

வேண்டாம், என்று நினைத்தார் ஜெயராஜ். கர்த்தரே, வேண்டாம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவருடைய முதுகுக்கு நேர் பின்னால். இரண்டு குரல். ஒன்று மூச்சு வாங்கி, கடைசி எழுத்தை இழுத்தது. இன்னொன்றை அவர் முப்பது வருஷமாக அறிவார்.

ஜெயராஜ் நாக்கைக் கடித்தார். வாயில் ரத்தம் கரித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்லாதம்மா" என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த அந்த முகத்தில் வெளிச்சம் ஏறியது. அதைப் பார்ப்பது எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது.

"வஅலைக்கும் ஸலாம்" என்றாள் மெஹர்னிசா. "உள்ள வாங்க."

சில்லென்று ஒன்று அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே, ஜன்னல் சாத்திய இருட்டில், நெஞ்சு நிறையத் தண்ணீரோடு யாரோ இருமினார்கள். நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இன்னொரு நாற்காலி.

அவள் கதவைச் சாத்தப் போனவள், நின்று, சின்னப் பெண்போலச் சிரித்தபடி கேட்டாள்.

"எல்லாம் அவரு உடற கதைன்னு நெனச்சோமே. உங்களுக்கும் கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சும்மா" என்றார் ஜெயராஜ். "மொதல்ல பதில் சொன்னதே நான்தான்."