நாற்பதில் படுத்த கோடு

காலை 9.35. மருத்துவமனை வாசலில் வேனைத் திறந்து எண்ணிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பெட்டி ஊசி மருந்தில் ஒன்றைக் காணோம்.

காலை 11.05. மருந்துக் கிடங்கின் அலுவலகம். பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காருவதற்குள் சூப்பர்வைசர் வழக்கையே முடித்துவிட்டார்.

"டிரைவர்தான் மேடம். இதோ ஆதாரம்."

வேனில் பொருத்திய கருவி வரைந்த தாள் அது. கோடு ஏறி, நடுவில் படுத்து, கடைசியில் இறங்கியிருந்தது.

"9.10லேர்ந்து 9.25 வரைக்கும் கோடு படுத்திருக்கு பாருங்க. வண்டியை நிறுத்தியிருக்கான்."

சுவரோரம் நின்ற டிரைவர் ஓரடி முன்னால் வந்தார். "நான் எங்கயும் நிக்கல மேடம். உள்ள கண்ணாடிக் குப்பி. நாற்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு உத்தரவு. அப்படியே போனேன்."

இருபத்திரண்டு வருட வேலை. இன்று விலங்கு மாட்டினால் வேலையும் போகும், பேரும் போகும். இன்ஸ்பெக்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தைக் குற்றப்பத்திரிகையில் எழுத முடியாது.

"பெட்டியை ஏத்தினது யாரு?"

"நான்தான். பன்னிரண்டையும் என் கையால ஏத்தினேன்," என்றார் சூப்பர்வைசர்.

"நீங்க எண்ணினீங்களா?"

"இல்ல மேடம்," என்றார் டிரைவர். "சார் சொன்னா சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார். "சந்தேகப்பட்டு பைக்ல பின்னாடியே போனேன் மேடம். மரத்தடியில கால் மணி நேரம் நிறுத்தி, யாருக்கோ பெட்டியைக் குடுத்தான். ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"தாள் வரட்டும்னு இருந்தேன்."

சுவர் ஆணியில் பழைய தாள்கள் கொத்தாகத் தொங்கின. இன்ஸ்பெக்டர் புரட்டினார். கோடு படுத்த இடமெல்லாம் சூப்பர்வைசரின் சிவப்பு மையில் 'டீ', 'பங்க்' என்று எழுதியிருந்தது. எந்தத் தாளிலும் கோடு கீழே இறங்கவில்லை.

"இதெல்லாம் பழைய கருவியா?"

"ஆமா மேடம். திங்கக்கிழமைதான் புதுசு போட்டாங்க," என்றார் டிரைவர்.

காலை 11.20. இன்ஸ்பெக்டர் ஒரு பழைய தாளையும் புதுத் தாளையும் அருகருகே வைத்துச் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"பழைய தாள்ல ஓரத்துல இருக்கிறது, ஓடின தூரம். வண்டி நின்னா தூரம் ஏறாது, கோடு படுத்துக்கும். புதுத் தாள்ல ஓரத்துல இருக்கிறது வேகம். பொடி எழுத்து, நீங்க படிக்கல. கோடு எந்த நம்பர்ல படுத்திருக்கு?"

"நா... நாற்பது."

"வேகம் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. கால் மணி நேரத்துல பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கு. நின்னிருந்தா கோடு அடியைத் தொட்டிருக்கணும். அது தொட்டது இங்க கிளம்பறப்பவும் அங்க சேர்ந்தப்பவும்தான். சரி, கடைசியில கோடு இறங்குதே, அதையாவது கவனிச்சிருக்கலாம். ஓடின தூரம் எங்கயாவது குறையுமா?"

சூப்பர்வைசர் குனிந்து தாளின் ஓரத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"நிக்காத வண்டி நின்னதை ரெண்டு கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்க. நீங்க பார்த்தது வண்டியை இல்ல, இந்தத் தாளை. பன்னிரண்டாவது பெட்டி வேன்ல ஏறவே இல்ல."

கிடங்கின் குளிரறையில் தேடியபோது, காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் அது இருந்தது.

டிரைவர் புதுத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "நான் சொன்னதைத்தானே மேடம் இதுவும் சொல்லுது?"

"ஆமா."

"நான் சொன்னப்ப யாரும் நம்பலையே."